சொல்லைப் பிரித்தறிவோம்

(சங்கத்தின் வெள்ளிவிழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, சங்கத்தின் பொறுப்பாளர்களே, நம் குடியிருப்பின் பெரியோர்களே, தாய்மார்களே, நாளைய பொறுப்பைத் தோளில் ஏற்கவிருக்கும் இளைஞர்களே!

வெள்ளிவிழா மேடையில் உரிமை பேசலாம், வேலைவாய்ப்புப் பேசலாம். இலக்கணம் பேச வந்திருக்கிறாரே இந்த ஆசிரியர் என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். இலக்கணத்துக்கு அஞ்சித்தானே பள்ளியை விட்டு ஓடினோம் என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுப்பதும் நம் செவியில் விழுகிறது. அவரை முன்னிட்டே இத்தலைப்பை எடுத்துக்கொண்டோம்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். அரையாண்டுத் தேர்வின் பத்தாம் வகுப்புத் தமிழ் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தோம். பகுபத உறுப்பிலக்கணம் தருக என்னும் இரண்டு மதிப்பெண் வினாவுக்கு நம் குடியிருப்புப் பிள்ளை ஒருவன் விடையே எழுதவில்லை. மற்ற வினாக்களுக்கு நன்றாக எழுதியிருந்தான். அழைத்துக் கேட்டோம். "ஐயா, அதெல்லாம் நமக்கு வராதுங்க ஐயா" என்றான். எனக்கு வராது என்று அவன் சொல்லவில்லை. நமக்கு வராது என்றான். தன் தந்தையையும் பாட்டியையும் தெருவையும் சேர்த்துச் சொன்னான். அந்த 'நமக்கு' என்னும் ஒரு சொல் அன்றிரவு நம்மை உறங்கவிடவில்லை. அவனுக்குச் சொல்ல வேண்டிய விடையைத்தான் இன்று உங்கள் எல்லோர் முன்னிலையிலும் சொல்கிறோம்.

சொல்லின் உறுப்புகள்

ஏர் உழுத குடும்பங்களில் பிறந்தவர்கள் நாம். ஏர் என்பது ஒரே பொருளாகக் கண்ணுக்குத் தெரிந்தாலும், மேழி எது, கொழு எது, ஏர்க்கால் எது, நுகத்தடி எது என்று நம் பாட்டனார் பிரித்துச் சொல்வார். கொழு தேய்ந்தால் கொழுவை மட்டும் மாற்றுவார். சொல்லும் அப்படிப்பட்டதே. பார்வைக்கு ஒன்றாகத் தெரியும் சொல்லுக்குள் பல உறுப்புகள் உள்ளன. ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு வேலை உண்டு.

13ஆம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் சொற்களை இரண்டாகப் பகுத்தார். மண், நீர், கை, பறை என்பவற்றை மேலும் பிரித்தால் பொருள் கிடைக்காது; இவை பகாப்பதங்கள். படித்தான், உழவர், கல்வி என்பவற்றைப் பொருள் கெடாமல் பிரிக்கலாம், இவை பகுபதங்கள். பகுபதத்துக்கு உறுப்புகள் ஆறு என்றார்: பகுதி, விகுதி, இடைநிலை, சந்தி, சாரியை, விகாரம்.

படித்தான் என்பதை எடுத்துக்கொள்வோம். படி + த் + த் + ஆன். முதலில் நிற்கும் 'படி' பகுதி; அதுவே சொல்லின் வேர். இறுதியில் நிற்கும் 'ஆன்' விகுதி. செய்தவன் ஆண் என்றும், ஒருவன் என்றும் அது காட்டுகிறது. விகுதிக்கு முன் நிற்கும் 'த்' இடைநிலை. செயல் முடிந்துவிட்டது என்று காலம் காட்டுகிறது. பகுதியையும் இடைநிலையையும் இணைக்க வந்த மற்றொரு 'த்' சந்தி.

வந்தான் என்பது சற்றே வேறுபட்டது. வா + த் + த் + ஆன். இங்கே 'வா' என்பது 'வ' எனக் குறுகியது. சந்தியாகிய 'த்', 'ந்' எனத் திரிந்தது. இம்மாற்றங்களே விகாரம். நடந்தனன் என்பதை நட + த் + த் + அன் + அன் என்று பிரிப்போம். இதிலும் சந்தி 'ந்' ஆனது விகாரம். இரண்டு 'அன்' வருகின்றன. முன்னது பொருளின்றி இசைவுக்காக வந்த சாரியை, பின்னது விகுதி. இவ்வளவே ஆறு உறுப்புகளின் கதை.

மாணவர்களுக்கு ஓர் எளிய வழி சொல்கிறோம். சொல்லைக் கண்டதும் கட்டளையிட்டுப் பாருங்கள். வந்தான் என்றால், நீ வா. கற்றான் என்றால், நீ கல். கட்டளையாக நிற்பதே பகுதி. அடுத்து, இடையில் உள்ளதை விட்டுவிட்டுக் கடைசிக்குச் செல்லுங்கள். யார் செய்தார் என்று காட்டுவது விகுதி. பிறகு விகுதிக்கு முன் நின்று எக்காலம் என்று காட்டுவதைத் தேடுங்கள், அது இடைநிலை. மீந்து நிற்பது சந்தியோ சாரியையோ ஆகும். உருமாறியது எதுவென்று கண்டால் அது விகாரம். இந்த வரிசையில் பத்துச் சொற்களைப் பிரித்துப் பார்த்தவனுக்கு அச்சம் போய்விடும்.

இக்கால மொழியியலார் இதையே வேறு பெயர்களால் வழங்குவர். பொருள் தரும் மிகச் சிறிய மொழிக்கூறு எதுவோ அதை உருபன் என்பர். 'படி' போலத் தனித்து நிற்க வல்லது தனியுருபன். 'ஆன்' போல ஒன்றைப் பற்றியே நிற்பது கட்டுருபன். செய்தான், உண்டான், கற்றான், ஓடினான் என்னும் நான்கிலும் இறந்தகாலமே உள்ளது. ஆயினும் அது முறையே த், ட், ற், இன் என நான்கு வடிவங்களில் வருகிறது. வேலை ஒன்றாகவும் வடிவம் வேறாகவும் இருக்கும் இவற்றை மாற்றுருபன்கள் என்பர்.

விகுதிகளிலும் இருவகை உண்டு. படித்தான், படிக்கிறாள், படிப்போம் என்பவை ஒரே செயலின் வெவ்வேறு வடிவங்கள். படிப்பு, படிப்பாளி என்பவையோ 'படி'யிலிருந்து பிறந்த புதிய சொற்கள். இவ்வாறு புதுச்சொல் பிறப்பிக்கும் விகுதியை ஆக்க விகுதி என்பர். அறிவு, கல்வி, எழுச்சி, உழைப்பு என நாம் விரும்பும் சொற்கள் பலவும் இப்படிப் பிறந்தவையே. ஒன்றன்பின் ஒன்றாக உறுப்புகளை ஒட்டிச் சொல்லை வளர்ப்பதால் தமிழை ஒட்டுநிலை மொழி என்று வகைப்படுத்துவர்.

பாட்டியின் இலக்கணம்

'நமக்கு வராது' என்றானே, அந்த மாணவனிடம் நாம் ஒரு வினா கேட்டோம். "உன் பாட்டி பள்ளிக்குச் சென்றாரா?" இல்லை என்றான். "பஸ்ஸில் வந்ததை எப்படிச் சொல்வார்?" "பஸ்ஸுல வந்தேன்னு சொல்லும் ஐயா." "காரில் வந்தால்?" "காருல வந்தேன்னு சொல்லும்."

பஸ் என்பதில் 'ஸ்' இரட்டித்தது; கார் என்பதில் 'ர்' இரட்டிக்கவில்லை. ஏன்? தனித்த குற்றெழுத்தை அடுத்து மெய் நின்று, அதன்பின் உயிர் வந்தால், அந்த மெய் இரட்டும் என்பது நன்னூல் கூறும் விதி. அதனால்தான் கல் என்பது கல்லில் ஆகிறது. நெட்டெழுத்தை உடைய கால் என்பது காலில் என்றே நிற்கிறது. பஸ்ஸும் காரும் நன்னூல் காலத்தில் இல்லை. அச்சொற்கள் தமிழும் அல்ல. ஆயினும் கைநாட்டு வைக்கும் அந்த மூதாட்டி, வெளிநாட்டுச் சொல் தம் நாவுக்கு வந்த அன்றே அதைத் தமிழ் விதிக்குள் அடக்கிவிட்டார். எவரும் அவருக்குக் கற்பிக்கவில்லை. நன்னூலார் எழுதி வைத்தது எதுவோ அது அவர் நாவில் முன்னமே இருந்தது.

அம்மாணவனிடம் சொன்னோம்: "தம்பி, இலக்கணம் உனக்கு ஏற்கெனவே வந்துவிட்டது. வராதது அதன் உறுப்புகளின் பெயர்கள் மட்டுமே. பெயர்களைக் கற்க ஒரு வாரம் போதும்." நம் தெருவின் பேச்சைக் கொச்சை என்று பிறர் இகழும்போது நாம் தலை குனிய வேண்டியதில்லை. எழுத்துத் தமிழ் வேறு, அதைப் பழகியே தீர வேண்டும். ஆனால் நம் பேச்சு விதியற்றது என்பவர் விதியை அறியாதவர்.

ஆன் என்றும் ஆர் என்றும்

இனி, விகுதியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அங்கேதான் நம் வாழ்க்கை இருக்கிறது.

நமக்கு அப்போது பத்து வயதிருக்கும். கூலி வாங்குவதற்காகத் தந்தையாருடன் ஒரு பெரிய வீட்டின் கொல்லைப்புறம் நின்றிருந்தோம். நம் வயதுடைய சிறுவன் ஒருவன் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, அவன் வந்துட்டான்" என்று உள்ளே குரல் கொடுத்தான். அவன் என்றது ஐம்பது வயதைத் தொட்டிருந்த நம் தந்தையாரை. தந்தையாரோ அச்சிறுவனைச் சின்ன ஐயா என்று அழைத்தார். திரும்பும் வழியில், "அவன் ஏன் உங்களை அவன் என்கிறான்?" என்று கேட்டோம். "அது அப்படித்தாண்டா" என்றார். அதற்குமேல் அவர் பேசவில்லை, நாமும் கேட்கவில்லை.

பல ஆண்டுகள் கழித்து, தலைமையாசிரியராகப் பொறுப்பேற்ற முதல் நாள் பள்ளி வாயிலில் நுழைந்தபோது, "ஹெச்.எம். வந்துட்டார்" என்று அலுவலக உதவியாளர் உள்ளே சொன்னார். அதைக் கேட்கத் தந்தையார் இல்லை. வந்துட்டான், வந்துட்டார். பகுதி அதே 'வா'. காலம் அதே இறந்தகாலம். வேறுபாடு கடைசியில் நிற்கும் ஒரே எழுத்தில்தான்; ஆனால் அந்த 'ன்' இருந்த இடத்தில் 'ர்' வருவதற்கு நம் குடும்பத்தில் ஒரு தலைமுறை ஆயிற்று.

ஒருவரைப் பலர்பால் விகுதியால் உயர்த்திச் சொல்லும் இவ்வழக்கைப் பற்றித் தொல்காப்பியம் என்ன சொல்கிறது? அது வழக்கினால் உண்டான உயர்வுச் சொல்லேயன்றி இலக்கண முறையால் ஆனதன்று என்கிறது. எண்ணிப் பாருங்கள். இன்னாருக்கு ஆர், இன்னாருக்கு ஆன் என்று இலக்கணம் விதிக்கவில்லை. விதித்தது வழக்கு, வழக்கை உண்டாக்கியவர் மனிதர். மனிதர் உண்டாக்கியதை மனிதர் மாற்றலாம்.

மாறிய சான்றும் மொழிக்குள்ளேயே இருக்கிறது. 'கள்' என்னும் விகுதியைப் பாருங்கள். தொல்காப்பியத்தில் அது அஃறிணைப் பெயர்களுக்கு உரிய பன்மை விகுதி. பிற்காலத்தில் அது உயர்திணைக்கு ஏறிற்று. அவர் என்பதே பன்மை. அதன்மேல் கள்ளும் சேர்ந்து அவர்கள் என்றாயிற்று. இன்று மேடையில் எவரையேனும் மிக உயர்த்திச் சொல்ல வேண்டுமானால் அவர்கள் என்கிறோம். இந்த உரையின் தொடக்கத்தில் நாமும் தலைவர் அவர்களே என்றுதான் விளித்தோம். மாடுகளுக்கும் மரங்களுக்கும் உரியதாக இருந்த ஒரு விகுதி மரியாதையின் முடியாகிவிட்டது. இன்னது இன்ன இடத்திலேயே என்றும் கிடக்க வேண்டும் என்னும் கட்டளை சொற்களுக்கே இல்லாதபோது மனிதருக்கு எங்கிருந்து வந்தது?

இவ்விடத்தில் நம் குறையையும் சொல்லிக்கொள்வோம். பிறர் நம்மை ஆன் என்றால் நெஞ்சு கொதிக்கும் நாம், நம் வீட்டுப் பெண்களை எவ்வாறு சுட்டுகிறோம்? பெற்ற தாயையே 'அது சொல்லும்' என்று அஃறிணையில் சொல்லும் பழக்கம் நம்மிடமும் உண்டு. அம்மாணவன் பாட்டியைச் சொன்னதும் அப்படியே. அன்பினால் சொல்கிறோம் என்பர். அன்பு இருக்கட்டும், அவர் என்றாலும் அன்பு குறையாது. படித்து அலுவலகம் சென்ற நம் இளைஞர், அங்கே பெருக்க வரும் தொழிலாளியை வந்தானா என்று கேட்டால், தம் பாட்டனாரையே அவ்வாறு கேட்டவர் ஆவார்.

தாழ்ந்தோர் அல்லர்

வினைச்சொல் பிறக்கும் முறையில் தன்வினை, பிறவினை என்று இரண்டு உண்டு. தானே நிகழ்வது தன்வினை; பிறர் செய்விப்பது பிறவினை. திருந்து, திருத்து, அடங்கு, அடக்கு, ஒடுங்கு, ஒடுக்கு என்னும் இணைகளைப் பாருங்கள். இடையிலுள்ள மெல்லினம் வல்லினமாக மாறியதும் செயலுக்கு ஒரு செய்வோன் வந்துவிடுகிறான். 'தாழ்' என்னும் வேரில் 'த்து' சேர்ந்தால் தாழ்த்து ஆகிறது.

இப்போது இரண்டு சொற்களை அருகருகே வையுங்கள். தாழ்ந்தோர், தாழ்த்தப்பட்டோர். வேர் ஒன்றே. தாழ்ந்தோர் என்னும்போது, அவர்கள் தாமாகவே தாழ்ந்து கிடந்தனர் என்று பொருள். குற்றம் அவர்கள் மீதே விழுகிறது. தாழ்த்தப்பட்டோர் என்னும்போது, 'த்து' என்னும் உறுப்பு, தாழ்த்தியவர் ஒருவர் உண்டு என்கிறது. 'படு' என்னும் உறுப்பு, செயலை ஏற்றவர் இவர் என்கிறது. தாழ்த்தியவர் பெயர் சொல்லில் இல்லை. ஆனால் அவர் இருந்தார் என்பதற்குச் சாட்சி சொல்லுக்குள்ளேயே நிற்கிறது. ஒடுங்கியோர், ஒடுக்கப்பட்டோர் என்பவற்றுக்கும் இதுவே விளக்கம்.

நாளிதழிலோ பாடநூலிலோ தாழ்ந்த சாதியினர் என்று எவரேனும் எழுதியிருக்கக் கண்டால் கோபப்பட்டுக் கிழித்தெறிய வேண்டா. இரண்டு உறுப்புகளை விட்டுவிட்டீர்கள் என்று அமைதியாகக் கடிதம் எழுதுங்கள். இலக்கணம் அறிந்தவனுடைய கடிதத்துக்கு மறுமொழி சொல்வது எளிதன்று.

நம் பெயர்கள்

நம்மைக் குறிக்க வழங்கிய பெயர்களையும் இவ்வாறே பிரித்துப் பார்க்க வேண்டும். பஞ்சமர் என்பது ஐந்தாவது எனப் பொருள்படும் பஞ்சம என்னும் வடசொல்லோடு 'அர்' சேர்ந்தது; நால்வருணத்துக்கும் வெளியே நிற்பவர் என்று எண்ணிக்கையால் ஒதுக்கிய பெயர் அது. பறையர் என்னும் பெயரைப் பறை என்பதோடு பொருத்துவோர் உளர். பறை இசைக்கருவி மட்டுமன்று. பறைதல் என்றால் சொல்லுதல். மலையாளத்தில் இன்றும் பறயுக என்றால் சொல்வது என்றே பொருள். வேரில் இழிவு ஏதும் இல்லை. இழிவை ஏற்றியவர் வெளியே இருந்தனர். அதை அறிந்தே இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1893இல் தொடங்கிய இதழுக்குப் பறையன் என்றே பெயர் வைத்தார். எந்தப் பெயரைச் சொல்லி இகழ்ந்தனரோ அதையே தலைப்பில் அச்சிட்டார்.

வேறு வழியைத் தேர்ந்தவரும் உளர். எம்.சி. ராஜா அவர்கள் அந்நாளைய சென்னைச் சட்டசபையில் கொண்டுவந்த தீர்மானத்தின் பயனாக, 1922இல் அரசு ஆவணங்களில் பஞ்சமர், பறையர் என்பவற்றுக்கு மாற்றாக ஆதிதிராவிடர் என்னும் பெயர் ஏற்கப்பட்டது. ஆதி என்பதும் திராவிடர் என்பதும் சேர்ந்த கூட்டுச்சொல் அது. மண்ணின் முதல் குடியினர் என்னும் உரிமைக் குரல் அதன் முற்பகுதியில் உள்ளது. 1972இல் பம்பாயில் தோன்றிய தலித் சிறுத்தைகள் இயக்கத்தால் நாடெங்கும் பரவிய தலித் என்னும் சொல், பிளத்தல், நொறுக்குதல் என்னும் பொருளுடைய வடமொழி வேரிலிருந்து வந்தது. அங்கும் நொறுக்கப்பட்டவர் என்னும் செயப்பாட்டுப் பொருளே நிற்பதைக் காணலாம். இவற்றுள் எப்பெயரை ஏற்பது என்பது அவரவர் உரிமை. எதை ஏற்றாலும் பிரித்தறிந்து ஏற்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

நாம் வாழும் இடத்தின் பெயரையும் மறந்துவிடலாகாது. சேரி என்பது சேர் என்னும் வினையோடு 'இ' என்னும் விகுதி சேர்ந்து பிறந்தது. மக்கள் சேர்ந்து வாழும் இடம் என்பது பொருள். முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு 10ஆம் நூற்றாண்டினது. பிராமணர் ஊராகிய அவ்வூரில் 30 குடும்புகளும் 12 சேரிகளும் இருந்தன என்று அதனால் அறிகிறோம். அன்று எல்லோர் தெருவுக்கும் பொதுவாக இருந்த சொல், பின்னர் நம் தெருவுக்கு மட்டும் உரியதாக்கப்பட்டு, அதன்பின் முகம் சுளிக்கும் சொல்லாயிற்று. முகவரியில் சேரி என்று எழுதத் தயங்கும் தம்பிக்குச் சொல்கிறோம்: அச்சொல்லின் வேர் சேர்தல். ஊரைப் பிரித்தவர் நாம் அல்லர்.

கல், கற்பி

நிறைவாக ஒரு சொல். கல் என்பது தன்வினை, நாம் கற்பது. அதனோடு 'பி' என்னும் பிறவினை விகுதி சேர்ந்தால் கற்பி. பிறரைக் கற்கச் செய்வது. அண்ணல் அம்பேத்கர் அவர்கள் 1942இல் நாகபுரி மாநாட்டில் விடுத்த மூன்று கட்டளைகளுள் முதலாவதைத் தமிழில் கற்பி என்றே வழங்குகிறோம். கல் என்று அவர் நிறுத்தியிருந்தால், நாம் ஒவ்வொருவரும் படித்து, வேலை பெற்று, நகரத்தில் வீடு கட்டிக்கொண்டு போனால் போதுமானதாக இருந்திருக்கும். 'பி' என்னும் ஓர் எழுத்து நம்மை அவ்வாறு போகவிடவில்லை.

25 ஆண்டுகளாக இச்சங்கம் செய்துவருவது இந்த ஓர் எழுத்தின் வேலையே. மாலையில் விளக்கேற்றிப் பாய் விரித்துப் பிள்ளைகளை உட்கார வைத்தவர்கள் எவரும் பெரும் பட்டம் பெற்றவர் அல்லர். எட்டாம் வகுப்பு முடித்தவர் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தார். இளைஞர்களே, உங்களிடம் நாம் கேட்பது ஒன்றே. கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு வரும்போது வாரத்தில் இரண்டு மாலைகள் இங்கே வாருங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பத்துச் சொற்களைப் பிரித்துக் காட்டுங்கள். பாட்டியின் பேச்சிலிருந்து தொடங்குங்கள்.

அந்த மாணவனைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நீங்கள் கேட்பீர்கள். அடுத்த திருப்புதல் தேர்வில் அவ்வினாவுக்கு விடை எழுதியிருந்தான். சந்தியையும் சாரியையையும் மாற்றி எழுதியிருந்தான். ஒரு மதிப்பெண்தான் கொடுத்தோம். விடைத்தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "அடுத்த தடவை ரெண்டும் வாங்கிடுவேன் ஐயா" என்றான். நமக்கு வராது என்னும் பேச்சு அன்று அவன் வாயில் வரவில்லை.